மண்ணீரலுக்குத் தப்பியவை

கோடைக்கானல் என்னும் ஊர் உண்டானதற்கு அதன் குளிர்ச்சியையும் ஏரியையும் காரணமாகச் சொல்வது இக்காலத்து வழக்கமாக இருப்பினும், சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பவர்களுக்கு, அந்த ஊரைச் சிருஷ்டித்தது காய்ச்சல்தான் என்பது விளங்காமற் போகாது. 1821-ஆம் ஆண்டில் லெப்டினன்ட் வார்டு என்பவர் நில அளவைக்காகப் பழனிமலைகளின் மேல் ஏறிச் சென்றார். எனினும் அங்கே வீடு கட்டிக் குடியேற வேண்டும் என்ற எண்ணம் வெள்ளையருக்கு எழுவதற்கு மேலும் இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மதுரையில் ஊழியம் செய்துவந்த அமெரிக்கப் பாதிரிமார்கள், சமவெளியின் வாந்திபேதிக்கும் முறைக்காய்ச்சலுக்கும் தம்மவரைப் பறிகொடுத்து மனம் சலித்து, முதலில் சிறுமலையில் இடம் பார்த்து, அங்கும் காய்ச்சல் விடாமையால் அதைக் கைவிட்டு, 1845-ல் ஏழாயிரம் அடி உயரத்தில் இரண்டு பங்களாக்களைக் கட்டிக்கொண்டார்கள். ஏரி வந்தது அதற்குப் பதினெட்டு ஆண்டு கழித்து, லெவிஞ் துரையின் முயற்சியால்.

மலைக்குக் கீழே நிலைமை எவ்வாறிருந்தது என்பதற்கு அரசாங்க ஆவணமே சாட்சி. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு கொள்ளைக் காய்ச்சல் பரவிற்று. அதன் காரணத்தை விசாரிக்கும்படி சென்னை அரசாங்கம் வில்லியம் ஐன்ஸ்லி முதலிய டாக்டர்கள் அடங்கிய கமிட்டி ஒன்றை நியமித்தது. அவர்களுடைய அறிக்கை 1816-ல் லண்டனில் அச்சேறியது. (நம் நாட்டு வைத்தியர்களின் மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பெயரோடு தொகுத்து 1813-ல் சென்னையில் நூலாக வெளியிட்டவரும் இந்த ஐன்ஸ்லியே, பிறர் சாஸ்திரத்தைப் பழிப்பதற்கு முன்பு படித்துப் பார்க்கும் நல்ல குணம் அவரிடம் இருந்தது.) சதுப்பு நிலத்து நச்சாவியே காய்ச்சலுக்கு மூலம் என்று உலகம் முழுவதும் நம்பிய காலம் அது, ரொனால்டு ராஸ் சிகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897-ல்தான். மேற்குத் தொடர்ச்சி மலைகளின் அடிவாரங்களில் இந்தக் காய்ச்சலைப் பரப்பிய கொசு அனாபிலிஸ் ஃபுளூவியாட்டிலிஸ் என்பது. புல் கவிந்த ஓடைக்கரையில், மெல்ல நகரும் தெளிந்த நீரில் முட்டையிடுவது அதன் சுபாவம். மலைச்சரிவில் இறங்கும் ஓடைகளுக்கும் ஊற்றுகளுக்கும் பஞ்சமில்லாத பழனிமலைகளின் கீழ்மலைப் பகுதி அதற்கு எவ்வளவு இசைவான இடம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நெடுங்காலம் இவ்வடிவாரத்து ஜனங்கள் ‘மலைக்காய்ச்சல்’ என்று அஞ்சியது இதனைத்தான்.

இந்தக் காய்ச்சல் விட்டுச்செல்லும் அடையாளம் ஒன்று உண்டு. இடப்புற விலா எலும்புகளுக்குக் கீழே, வயிற்றின் மேற்பகுதியில், கெட்டியாகத் தட்டுப்படும் ஒரு கட்டி. டாக்டர் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலைச் சற்று மடக்கச் சொல்லி, வலக்கை விரல்நுனிகளை விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்திக்கொண்டு, “மூச்சை நன்றாக இழு, அம்மா” என்பார். மூச்சு உள்ளே போகப் போக உதரவிதானம் கீழே தள்ள, மழுங்கிய விளிம்பு ஒன்று விரல்நுனியில் வந்து முட்டி, மூச்சு வெளியேறும்போது மறுபடியும் நழுவிச் செல்லும். ஆரோக்கியமான மனிதனிடத்தில் கைக்கு அகப்படாமல் விலாக்களின் மறைவிலேயே ஒடுங்கிக் கிடக்கும் மண்ணீரல் அது. 1840-களில் வட இந்தியாவின் கால்வாய்ப் பிரதேசங்களில் டெம்ஸ்டர் என்ற டாக்டர், ஊர் ஊராகச் சென்று, எத்தனை பேருக்கு இவ்விளிம்பு கைக்குத் தட்டுப்படுகிறது என்று எண்ணி, அந்த எண்ணைக் கொண்டே ஊரின் காய்ச்சற் கொடுமையை அளந்தார். ‘ஸ்பிளீன் ரேட்’ என்று பின்னாளில் உலகமெங்கும் வழங்கிய இந்த அளவுகோல் இந்தியாவிலே பிறந்தது. மண்ணீரலின்பால் நம் நாட்டில் வேலை பார்த்த டாக்டர்களுக்கு இருந்த கவனம் அவ்வளவோடு நிற்கவில்லை: 1903-ல் சார்லஸ் டோனவன் காலா அஸார் என்னும் கருங்காய்ச்சலின் கிருமியைக் கண்டது சென்னையில், நோயாளியின் மண்ணீரலிலிருந்து எடுத்த துளியில்தான்.

காய்ச்சல் எங்கோ ரத்தத்தில் இருக்க, மண்ணீரல் ஏன் வீங்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், மலேரியாவைத் தாண்டி, லூபஸ் முதலிய தன்னெதிர்ப்பு நோய்களையும், அவற்றால் கெடும் சிறுநீரகங்களையும், ஈற்றில் கோடைக்கானல் மலையுச்சியில் நேர்ந்த வேறொரு விபரீதத்தையும் நாம் சென்று சேரலாம்.

மண்ணீரல் பெரிய அவயவம் அன்று. வளர்ந்த மனிதனிடத்தில் சுமார் 150 கிராம் எடை, உள்ளங்கை அகலம். ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் இருபதில் ஒரு பங்கு இதற்குள் புகுந்து செல்கிறது. மற்ற உறுப்புகளில் ரத்தம் எப்போதும் மூடிய குழாய்களுக்குள்ளேயே ஓடும். இங்கேயோ அதில் ஒரு பகுதி குழாயைவிட்டு வெளிப்பட்டு, விழுங்கணுக்கள் நெருங்கி வாழும் ஒரு பஞ்சுத் திசுவினுள் கசிந்து, அங்கிருந்து மறுபடியும் சிரைக்குள் நுழைய வேண்டும். நுழையும் வழியோ ஓரிரண்டு மைக்ரான் அகலமே உள்ள பிளவுகள். சிவப்பணுவின் குறுக்களவு ஏழரை மைக்ரான். இளமையும் நெகிழ்ச்சியும் உள்ள அணு உடலைக் குறுக்கி நெளிந்து சென்றுவிடும். மூப்பினால் விறைத்ததும், உள்ளே கிருமியைச் சுமந்ததும், மேலே வேண்டாதது ஒட்டியதும் தயங்கும். தயங்கும் அந்தக் கணத்திலேயே விழுங்கணு அதனைத் தொட்டுப் பார்த்து, கழிப்பதா விடுவதா என்று தீர்மானித்துவிடும். சில சமயங்களில் அணுவை உயிரோடு விட்டு, அதனுள் இருக்கும் கிருமித் துணுக்கை மாத்திரம் கிள்ளி எடுத்துவிடுவதும் உண்டு. உடலின் அவயவங்களில் இத்துணை நுணுக்கமான வேலைக்கு இத்துணை குறைந்த புகழ் பெற்றது வேறொன்று இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இனி, இவ்வத்தியாயத்துக்கு உயிரான பொருளுக்கு வருவோம். உடம்புக்கு அந்நியமான ஒரு பொருள் புகுந்தால் — கிருமியின் புரதமாயினும், குதிரையின் சீரமாயினும் — அதற்கு நேராக எதிர்ப்பொருள்கள் உற்பத்தியாகின்றன. அந்நியப் பொருளும் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ரத்தத்தில் மிதக்கும் கோவைக்கு ‘இம்யூன் காம்ப்ளெக்ஸ்’ என்று பெயர். நாம் எதிர்ப்புக் கூட்டு என்று வைத்துக்கொள்வோம். ஜலதோஷம் பிடித்து விட்டாலும் இது உண்டாகும். உண்டாவது நோயன்று, கழியாமல் தங்குவதே நோய். இதனை முதன்முதலில் பிரத்தியட்சமாகக் காட்டியவர்கள் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர்களான ஃபான் பிர்கேயும் பேலா ஷிக்கும். தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரைச் சீரம் போடப்பட்ட குழந்தைகளில் பலருக்கு, ஏறக்குறைய எட்டாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் வீக்கமும், சிலருக்குச் சிறுநீரில் புரதமும் கண்டன. குதிரைச் சீரமும் அதற்கு எதிராகக் குழந்தையின் உடல் செய்த எதிர்ப்பொருளும் சந்தித்ததன் பலனே இது என்று 1905-ல் அவர்கள் எழுதினர். இன்றும் பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறி மருந்து குதிரையிலிருந்தே கிடைக்கிறது. உயிர் பிழைத்து வீடு திரும்பிய குடியானவன் பத்து நாள் கழித்து மூட்டுவலியோடு திரும்பி வந்தால், அது பாம்பின் விஷம் மிச்சமிருந்ததனால் அன்று, இந்தக் கூட்டுகளால்தான்.

இக்கூட்டுகளை உடல் எவ்வாறு அகற்றுகிறது என்பது விஞ்ஞானம் அண்மைக் காலத்தில் கண்ட அழகான செய்திகளுள் ஒன்று. ரத்த நீரில் ‘காம்ப்ளிமென்ட்’ என்னும் புரதக் குடும்பம் ஒன்று உண்டு. எதிர்ப்புக் கூட்டைக் கண்டதும் அவை ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்பட்டு, கடைசியில் சி3பி என்ற துணுக்கைக் கூட்டின்மேல் பதிக்கின்றன. பெரிதாகிக் கரையாமற் போக இருந்த கூட்டு இதனால் சிறிதாகவே நின்று, கரைந்த நிலையில் மிதக்கிறது. சி3பியைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி ஒன்று, சி.ஆர்.1 என்று பெயர், நம்முடைய சிவப்பணுக்களின் மேல் இருக்கிறது. ஓர் அணுவுக்குச் சில நூறு ஏற்பிகளே. வெள்ளணு ஒன்றில் அதைவிடப் பன்மடங்கு அதிகம். ஆயினும் சிவப்பணுக்களின் தொகை கணக்கற்றதாகையால், ரத்தத்திலுள்ள ஏற்பிகளில் மிகப் பெரும்பகுதி அவற்றின் மேலேயே அமைந்துவிடுகிறது. சாலை போடப்படாத நாளில், பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து துரைமார்களையும் தட்டுமுட்டுகளையும் சுமந்துகொண்டு கோடைக்கானலுக்கு ஏறிய கூலியாட்கள், மேலே சுமையை இறக்கிவிட்டு அடுத்த சுமைக்காகக் கீழே இறங்கினார்கள் அல்லவா? சிவப்பணுவும் அப்படியே கூட்டுகளைத் தன் முதுகில் ஏற்றிச் சென்று, கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கணுக்களிடம் ஒப்படைத்துவிட்டு, தனக்கு யாதொரு சேதமுமின்றித் திரும்புகிறது. ஒவ்வோர் ஒப்படைப்பிலும் ஏற்பிகளில் சில மட்டும் பறிபோகும். சுமை மிகுந்த நோயாளிகளிடம் சிவப்பணுக்களின் ஏற்பிகள் குறைந்து காண்பதற்கு ஒரு காரணம் இது.

அணு சுமந்து செல்வதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சிவப்பணு ரத்தக்குழாயின் நடுவோட்டத்தில் செல்வது. அதன்மேல் ஒட்டிய கூட்டு குழாயின் சுவரைத் தொடுவதில்லை. தனியே மிதக்கும் கூட்டுக்கோ அந்தக் காவல் இல்லை. பபூன் குரங்குகளின் ரத்தத்தில் கூட்டுகளைச் செலுத்தி அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1980-களில் செய்த சோதனைகளில் இது தெளிவாயிற்று. எலிகளில் இந்த வேலையைச் சிவப்பணு செய்வதில்லை. அங்கே அதைச் செய்பவை தட்டணுக்கள். எலியில் கண்டதையெல்லாம் மனிதனுக்கு ஏற்றிப் பேசும் பத்திரிகைச் செய்திகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கழிக்கும் வேலையில் பெரும் பங்கு கல்லீரலுக்கு உரியது. மண்ணீரலே எல்லாம் என்று புகழ்வது நேர்மையாகாது. ஆனால் மண்ணீரலுக்கென்று ஒரு தனிப் பங்கு உண்டு என்பதை, காம்ப்ளிமென்ட் குடும்பத்தில் சி2 என்ற ஒரே புரதம் பிறவியிலேயே இல்லாத லூபஸ் நோயாளி ஒருவரிடம் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் செய்த பரிசோதனை காட்டிற்று. கதிரியக்க அடையாளமிட்ட கூட்டுகளைச் சிரை வழியே செலுத்தி, வயிற்றின்மேல் கருவியை வைத்துப் பார்த்தபோது, கல்லீரல் அவற்றை அவசரமாக வாங்கிக்கொண்டது. மண்ணீரலில் ஒன்றுமே சேரவில்லை. பிறகு நோயாளிக்கு மற்றவர்களின் பிளாஸ்மாவை ஏற்றி, இல்லாத புரதத்தைத் தற்காலிகமாகக் கொடுத்துவிட்டு மறுபடியும் சோதித்தார்கள். இம்முறை மண்ணீரல் தன் பங்கை எடுத்துக்கொண்டது. 1993-ல் வெளியான இவ்வாராய்ச்சியை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரே மனிதன், ஒரே மண்ணீரல், இடையில் வந்தது ஒரு புரதம் மட்டுமே. காம்ப்ளிமென்ட் வரிசையின் தொடக்கத்தில் உள்ள புரதங்கள் பிறவியில் இல்லாதவர்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மிகுதி, அதிலும் முதலாவதான சி1க்யூ இல்லாதவர்களுக்கு அது ஏறக்குறைய நிச்சயம் என்ற உண்மையையும் இத்தோடு சேர்த்து நோக்கினால், கழிவு தங்குவது எவ்வளவு அபாயமானது என்பது புலப்படும்.

லூபஸ் பெரும்பாலும் இளம்பெண்களைப் பற்றும் வியாதி. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்களே. இதில் உடல் தன் அணுக்களின் உட்கருவுக்கு எதிராகவே, டி.என்.ஏ.வுக்கு எதிராகவே, எதிர்ப்பொருள் செய்கிறது. அந்நியக் கிருமியாக இருந்தால் ஒருநாள் ஒழியும்; சொந்த டி.என்.ஏ. எப்படி ஒழியும்? ஆகவே கூட்டுகள் ஓயாமல் பிறக்கின்றன. காம்ப்ளிமென்ட் செலவாகித் தீர்கிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சி3, சி4 என்ற இரண்டு எண்களும் தாழ்வதைப் பார்த்து டாக்டரின் முகம் வாடுவது இதனால்தான். விழுங்கணுக்களின் நிலை என்ன? 1979-ல் அமெரிக்காவில் மைக்கேல் ஃபிராங்க் என்பவரும் அவருடைய சகாக்களும், லூபஸ் நோயாளிகளின் சிவப்பணுக்களையே எடுத்து, அவற்றின்மேல் எதிர்ப்பொருள் பூசி, கதிரியக்கக் குரோமியத்தால் குறியிட்டுத் திரும்பச் செலுத்தினார்கள். இப்படிப் பூசப்பட்ட அணுக்களைப் பொறுக்கி எடுப்பது முக்கியமாக மண்ணீரலின் காரியம். நோயற்றவர்களிடம் அவை விரைவில் மறைந்தன. லூபஸ் நோயாளிகளில் பெரும்பாலோரிடம் நீண்ட நேரம் சுற்றிக்கொண்டே இருந்தன. மண்ணீரல் இருக்கிறது, சில சமயம் வீங்கியும் இருக்கிறது. ஆனால் வேலை நடக்கவில்லை. சில லூபஸ் நோயாளிகளிடம், மண்ணீரலை அறுத்தெடுத்துவிட்டவர்களின் நிலைக்குச் சமமாக அது செயலற்றுப்போவதும் உண்டு. அப்படிப்பட்டவர்களை நிமோனியாக் கிருமி எளிதில் கொல்லுமாதலால் தடுப்பூசி மிக அவசியம்.

அப்படியானால் தங்கிய கூட்டுகள் எங்கே போகின்றன? சிறுநீரகத்துக்கு. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் கிளாமருலஸ்கள், நுண்குழாய் முடிச்சுகள், இருக்கின்றன. அவற்றின் வழியே நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர் வடிகிறது. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இங்கே வருகிறது, மற்ற நுண்குழாய்களில் இல்லாத அழுத்தம் இங்கே இருக்கிறது, சுவரிலோ துவாரங்கள். மூட்டுகளும் தோலும் கூடத் தாக்கப்படும் என்றாலும், சிறுநீரகம் அடையும் சேதமே ஆயுளைத் தீர்மானிக்கிறது. முதுகுப்புறமாக ஊசி செலுத்தி, பென்சில் முனையை விடச் சன்னமான ஒரு நூல் அளவு சதையை எடுத்து, பச்சையாக ஒளிரும் சாயத்தைச் சேர்த்த எதிர்ப்பொருளில் நனைத்து, புற ஊதா ஒளியில் பார்த்தால், கிளாமருலஸின் சுவர் நெடுகிலும் மணல் தூவியதற்கு நிகரான பச்சைப் புள்ளிகள் தெரியும். மண்ணீரலுக்குத் தப்பியவை அவை. அவை சும்மா கிடப்பதில்லை. அங்கேயும் காம்ப்ளிமென்டை எழுப்பி, வெள்ளணுக்களை அழைத்து, சுவரை அரிக்கின்றன. சிறுநீரில் நுரை காண்பதும், கண்ணிமை காலையில் உப்புவதும் இதன் பின்விளைவு.

இவ்விடத்தில் வாசகர் ஒருவர், மண்ணீரலின் திறமையை எவ்வாறேனும் பெருக்கினால் லூபஸ் தீருமே என்று கருதலாம். அவயவங்களின் தர்மம் அவ்வளவு எளிதன்று. மண்ணீரலின் சிவப்புப் பகுதி கழிக்கும் இடமென்றால், அதற்குள்ளேயே புதைந்திருக்கும் வெள்ளைப் பகுதி எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்யும் இடம். கூட்டு பிறப்பதற்கும் கழிவதற்கும் ஒரே வீடு. தட்டணுக்கள் மண்ணீரலில் அழிந்து ரத்தம் கசியும் நோயில், பிராக் நகரத்தில் மாணவராக இருந்த கஸ்நெல்சன் சொற்படி 1916-ல் மண்ணீரலை எடுத்தபோது நோயாளி பிழைத்தார். அங்கே அது அளவுக்கு மிஞ்சிக் கழித்தது. லூபஸ் சிறுநீரக நோயிலோ எடுத்தும் பயனில்லை, விட்டும் போதவில்லை. ஸ்டீராய்டும், எதிர்ப்பொருள் உற்பத்தியையே ஒடுக்கும் மருந்துகளும்தான் கதி.

மலேரியாவுக்குத் திரும்புவோம். நாலாம் முறைக்காய்ச்சல் என்று நம் வைத்திய நூல்கள் சொல்லும் வகையை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் மலேரியே என்னும் கிருமி. எழுபத்திரண்டு மணிக்கு ஒருமுறை குளிரெடுக்கும், உடனே கொல்லாது, ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் தங்கியிருக்கும். நெடுநாள் தங்கும் கிருமி என்றால் நெடுநாள் பிறக்கும் கூட்டுகள் என்று பொருள். கயானா நாட்டின் உட்பிரதேசத்தில் வேலை பார்த்த ஜிக்லியோலி என்ற இத்தாலிய டாக்டர், இக்காய்ச்சல் மிகுந்த இடங்களில் சிறுநீரக நோயும் மிகுந்திருப்பதை 1930-ல் ஒரு நூலாகவே எழுதினார். நம்மவர்கள் கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற அந்த நாட்டில், பின்னாளில் டி.டி.டி. தெளித்து மலேரியாவை ஒழித்தபோது, சிறுநீரக நோயால் இறப்போர் தொகையும் கூடவே குறைந்ததை அவரே கண்டு எழுதும் பாக்கியம் அவருக்குக் கிட்டியது. நைஜீரியாவில் குழந்தைகளிடம் இத்தொடர்பை 1960-களில் நிறுவினர். உகாண்டாவில் அப்பத்தாண்டின் ஈற்றில், நோயுற்ற கிளாமருலஸின் சுவரில் அந்தக் கிருமியின் புரதமே எதிர்ப்பொருளோடு படிந்திருப்பதைக் கண்ணால் கண்டனர். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துக் கிருமியைக் கொன்ற பின்பும், கெட்ட சிறுநீரகம் தேறவில்லை என்பதுதான் இதில் துயரமான செய்தி. வீங்கிய மண்ணீரல் ஊருக்குத் தெரிந்த அடையாளம். ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டிச் சென்ற மிச்சமோ ஒருவர் கண்ணிலும் படாமல் சிறுநீரகத்தில் சேர்ந்துகொண்டிருந்தது.

இங்கே விசித்திரம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மலேரியாவுக்காக நீலகிரியில் நடுவட்டம் முதலிய இடங்களில் அரசாங்கம் 1860-களில் சின்கோனா மரங்களை வளர்த்தது. அந்தப் பட்டையின் குயினைனை 1894-ல் லண்டனில் பெய்ன் என்ற டாக்டர் லூபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1951-ல் பேஜ் என்பவர் மலேரியாவுக்கான மெபக்ரினை அவ்வாறே பயன்படுத்தினார். இன்று லூபஸ் நோயாளிகளில் பெரும்பாலோர் நாள்தோறும் விழுங்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இந்த வம்சத்தைச் சேர்ந்தது. மலைக்காய்ச்சலுக்காகத் தேடிய மருந்து, மலைக்காய்ச்சல் ஒடுங்கிய பின், வேறொரு வாசல் வழியே வீட்டுக்குள் வந்துவிட்டது.

கோடைக்கானலுக்குக் காய்ச்சலோடு இருந்த சம்பந்தம் இருபதாம் நூற்றாண்டில் வினோதமான ஒரு வடிவம் எடுத்தது. காய்ச்சலை அளக்கும் தெர்மாமீட்டர் செய்யும் ஆலை, அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்திலிருந்து பெயர்த்து, 1980-களின் தொடக்கத்தில் பாம்பார்ச் சோலையை ஒட்டி நிறுவப்பட்டது. முதலில் பாண்ட்ஸ் கம்பெனியுடையதாயிருந்து, பிறகு ஹிந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் குவிந்திருப்பதைப் பழனிமலைப் பாதுகாப்புக் குழுவினரும் மற்றவர்களும் வெளிப்படுத்தினார்கள்; ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஹைதராபாத்து அணுசக்தித் துறை ஆய்வகத்தார் பாசியிலும் லைக்கனிலும் பாதரசத்தை அளந்து 2003-லும், ஏரியின் படிவிலும் மீனிலும் அளந்து 2006-லும் கட்டுரை எழுதினர். சிறுநீரகக் கோளாறு உட்படப் பல நோய்களுக்கு ஆலை வேலையே காரணம் என்று தொழிலாளர் பலர் கூறினர்; கம்பெனி அதனை ஒப்பவில்லை. 2016-ல் முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு உடன்படிக்கை ஏற்பட்டது.

வழக்கு வழக்காக இருக்கட்டும். பாதரசம் சிறுநீரகத்துக்கு என்ன செய்யும் என்பது இவ்வத்தியாயத்தின் விஷயம். மூச்சில் புகும் பாதரச ஆவியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ரத்தத்தில் கலந்து, உடம்பில் வேறெங்கும் இல்லாத அளவு சிறுநீரகத்தில் சேர்கிறது. நேரடியான விஷமாக அது சிறுநீரகக் குழாய்களைக் கெடுப்பது நெடுநாளாக அறிந்ததே. அதைவிட நூதனமானது, அது எதிர்ப்புச் சக்தியின் புத்தியை மாற்றிவிடுவது. ‘பிரவுன் நார்வே’ என்ற குலத்து எலிகளுக்குச் சிறிதளவு பாதரச உப்பைத் தொடர்ந்து கொடுத்தால், மண்ணீரல் வீங்குகிறது. தன் உடம்புக்கே எதிரான எதிர்ப்பொருள்கள் பெருகுகின்றன. கிளாமருலஸில் படிவு தோன்றுகிறது. வேறு குலத்து எலிகள் அதே அளவை உண்டும் ஒன்றுமின்றித் திரிகின்றன. ஆகவே, ஒரே பட்டறையில் ஒரே காற்றைச் சுவாசித்த இருவரில் ஒருவர் நோயுற்று மற்றவர் நலமாக இருப்பதைக் காட்டி, ‘காற்றில் குற்றமில்லை’ என்று வாதிப்பது சாஸ்திரத்துக்கு ஒவ்வாத வாதம்.

மனிதனிடத்தில் பாதரசம் உண்டாக்கும் முக்கியமான சிறுநீரக நோய் மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி என்பது. சென்ற சில ஆண்டுகளில் இதைப் பற்றிய அறிவு பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்தே வந்திருக்கிறது என்பது நாம் பெருமைப்படவும் வெட்கப்படவும் உரிய செய்தி. நெல்-1 என்ற புரதத்தைக் குறிவைக்கும் ஒருவகை மெம்பிரேனஸ் நோயில், பாரம்பரிய மருந்து உண்டவர்கள் பலர் இருப்பதைச் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆராய்ச்சி 2022-ல் தெரிவித்தது. மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2021-க்கும் 2023-க்கும் இடையே பார்த்த 22 மெம்பிரேனஸ் நோயாளிகளில் 15 பேருக்கு நெல்-1 வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் க்ரீம் பூசியவர்கள். பாதரசம் கலந்த க்ரீம்.

பாரம்பரிய மருந்து என்றவுடன் பழனி ஞாபகத்துக்கு வருவது இயற்கை. போகர் நவபாஷாணத்தால் முருகன் திருவுருவைச் சமைத்தார் என்பது பழனியின் ஐதிகம். ரசம், லிங்கம், பூரம், வீரம் என்று பாதரசத்தின் பல வடிவங்களையும் பிரித்தறிந்து, சுத்தி செய்யாத ரசம் விஷம் என்று எச்சரித்தவர்களும் சித்தர்களே. அந்தச் சாஸ்திரத்தைக் கற்றுக் கையாள்பவனையும், முகவரியில்லாத பொட்டலத்தில் செந்தூரம் விற்பவனையும் ஒன்றாக வைத்துப் பேசுவது அநியாயம். ஆயினும் கிளாமருலஸுக்குப் பொட்டலத்தின்மேல் எழுதிய பெயர் தெரியாது.

இந்த மெம்பிரேனஸ் நோயில் மண்ணீரலுக்கு வேலையே இல்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். லூபஸில் கூட்டுகளில் ஒரு பகுதி ரத்தத்தில் பிறந்து, மிதந்து வந்து, சுவரின் உட்புறத்தில் தங்குகிறது. வழியில் சிவப்பணுவும் விழுங்கணுவும் அதைப் பிடிக்க வாய்ப்பாவது இருந்தது. மெம்பிரேனஸ் நோயில், எதிர்ப்பொருள் தனியே வந்து, வடிகட்டும் சுவரைத் தாண்டி, அதன் வெளிப்புறத்தில் போடோசைட் என்னும் காலணுக்களின் அடியில் இருக்கும் புரதத்தோடு அங்கேயே சேர்ந்து கூட்டாகிறது. பிறந்த இடமும் தங்கிய இடமும் ஒன்று. அது ரத்தத்துக்கு ஒருபோதும் வருவதில்லை. சிவப்பணு அதைக் காண்பதில்லை. மண்ணீரல் எவ்வளவு திறமையோடு இருந்தாலும் அதன் கை அங்கே எட்டாது. நீண்ட காலம், கிளாமருலஸில் காணும் படிவு எல்லாம் ரத்தத்திலிருந்து வந்து படிந்தவையே என்று எண்ணியிருந்தார்கள். 1970-களின் இறுதியில் எலிகளில் நடந்த சோதனைகளும், 2009-ல் மனிதனின் போடோசைட்டிலேயே அப்படிப்பட்ட ஒரு குறிப்புரதத்தைக் கண்டதும் அந்த எண்ணத்தை மாற்றின.

அங்கே படிந்ததை அகற்றும் சக்தி சிறுநீரகத்துக்கே ஓரளவு உண்டு. புதிதாகச் சேர்வது நின்றால் பழையது மாதக்கணக்கில் மெல்லக் கரையும். கோட்டக்கல் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு க்ரீமை நிறுத்தியபின் சிறுநீரில் இறங்கும் புரதம் குறைந்தது. பாரம்பரிய மருந்தை நிறுத்திய நோயாளிகளில் கண்டதும் அதுவே. ஆகையால், ஊசியில் எடுத்த சதையில் நெல்-1 தெரிந்தால், இன்று மதுரையிலோ சென்னையிலோ உள்ள விஷயமறிந்த சிறுநீரக டாக்டர், ஸ்டீராய்டு எழுதப் பேனாவை எடுப்பதற்கு முன்பு, முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள், உடம்புக்கு யார் கொடுத்த மருந்தைச் சாப்பிடுகிறீர்கள், எந்தப் பட்டறையில் வேலை பார்த்தீர்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுகிறார்.